மண் அப்பிய 30 ரோமச் செப்புக்காசுகள்: எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி அடையாளம் காண்பது?

பொடிக்காசு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சுத்தம் செய்யாத ரோமக் காசுகள் 30 கொண்ட தொகுதி ஒன்று கையில் இருக்கிறது. ரசீதில் "4ஆம் நூற்றாண்டு, செம்பு, பால்கன் பகுதி" என்று மட்டும் போட்டிருக்கிறது. எல்லாம் 13 முதல் 20 மி.மீ. வரையிலான பொடிக்காசுகள். இடம் சென்னை.

இரண்டை மட்டும் எலுமிச்சைச் சாற்றில் ஒரு ராத்திரி ஊறப்போட்டதில் மண்ணோடு முகமும் போய், இளஞ்சிவப்பாகச் சொரசொரவென்று ஆகிவிட்டன. மீதி 28 காசுகளை எப்படிச் சுத்தம் செய்வது? ஓரளவு தெரிகிற ஆறு காசுகளின் விவரம் கீழே. யாருடையவை, எங்கே அடித்தவை என்று சொல்ல முடியுமா?

அ. 17 மி.மீ., 2.3 கிராம். பின்பக்கம் இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள். அடியில் "எஸ் எம் என்", அப்புறம் தேய்ந்திருக்கிறது. முன்பக்கம் "கான்ஸ்டன்டி" வரை படிக்க முடிகிறது.
ஆ. 17 மி.மீ., 2.4 கிராம். தலைக்கவசம் அணிந்த தலை. பின்பக்கம் படகு முனையில் கால் வைத்த சிறகுப் பெண். அடியில் "பி சி ஓ என் எஸ் டி". கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டிநோபிள் அக்கசாலை (காசு அடித்த இடம்) என்று நினைக்கிறேன்.
இ. 17 மி.மீ., 2.5 கிராம். குதிரையோடு விழுபவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறான். முன்பக்கம் "டி என் கான்ஸ்டன்", அதற்குமேல் உடைந்திருக்கிறது.
ஈ. 13 மி.மீ., 0.9 கிராம். அதே குதிரைக் காட்சி, குழந்தை கிறுக்கியது போல. எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகள். போலியா?
உ. 20 மி.மீ., 3.1 கிராம். தலையில் கதிர்களோடு ஒருவர், வலக்கை தூக்கி, இடக்கையில் உருண்டை. ஒரு இடத்தில் வெள்ளி போல மினுங்குகிறது.
ஊ. குழி குழியாக வெளிர்பச்சைப் பொடி. தட்டினால் உதிர்கிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது.

களிம்பு (பதில்)

தம்பி, முதலில் ஊ காசை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் வையுங்கள். அதைப் பற்றி இங்கே வேறொருவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

எலுமிச்சையில் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் சுத்தம் செய்யும் முறை தானாக விளங்கும். 1,600 வருடம் மண்ணில் கிடந்த செப்புக்காசில் நாம் பார்க்கிற முகமும் எழுத்தும் பெரும்பாலும் உலோகத்தில் இல்லை, உலோகம் மாறி உண்டான களிம்பில்தான் இருக்கின்றன. உள்ளே செம்பு, அதன்மேல் செந்நிறக் குப்ரைட், அதன்மேல் பச்சை மாலகைட், எல்லாவற்றுக்கும் மேலே மண்ணும் சுண்ணாம்பும். காசு அடித்த அன்றைக்கு இருந்த பரப்பு இந்தக் களிம்பு அடுக்குகளுக்குள்தான் தங்கியிருக்கிறது. அமிலம் மண்ணையும் கரைக்கும், களிம்பையும் கரைக்கும், உள்ளே அரிக்கப்பட்ட செம்பைத் திறந்து காட்டும். புளி, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். மின்பகுப்பும் இப்படித்தான். குத்துவிளக்கில் களிம்பு வெறும் அழுக்கு. இங்கே களிம்பை எடுத்துவிட்டால் காசே இல்லை. எலுமிச்சை பட்ட இரண்டையும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு வாரம் ஊறவைத்து அமிலத்தை வெளியேற்றிவிடுங்கள். செயற்கை நிறம் ஏற்ற வேண்டாம். ஊசி பிடித்துப் பழக அவை உதவும்.

மீதிக் காசுகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கிறார்களே, அதுவே சரி. ஆசிட் கலந்ததா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது, எல்லாவற்றிலும் குளோரைடு கொஞ்சமாவது இருக்கும். பத்து காசுக்கு அரை லிட்டர், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். முதல் வாரம் தினமும் தண்ணீர் மாற்றுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை: புதுத் தண்ணீரின் அளவைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்தும் ஏறவில்லை என்றால் காசிலிருந்து உப்பு வெளியேறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. சிலவற்றுக்கு ஒரு மாதம், கெட்டி மண் பிடித்தவற்றுக்கு ஆறு மாதம்கூட ஆகும்.

தண்ணீர் மாற்றும்போதெல்லாம் குழந்தைகளின் மிருதுவான பல்துலக்கியால் தேயுங்கள். அதற்கும் அசையாததை ஈரமாக இருக்கும்போதே மூங்கில் பல்குத்தியால் அல்லது ரோஜா முள்ளால் எடுக்கலாம். 10 மடங்கு லென்ஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். பின்பக்கத்தில் எழுத்தில்லாத வெற்றிடத்தில் ஒரு மி.மீ. அளவுக்குச் சோதித்துப் பாருங்கள், களிம்பு கெட்டியா பொருக்கா என்று அங்கேயே தெரிந்துவிடும். இரும்பூசி சுண்ணாம்புப் பொருக்குக்கு மட்டும்தான். அதையும் செங்குத்தாகக் குத்தாமல் படுக்கவைத்து நெம்ப வேண்டும். செந்நிறம் தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். பளபளவென்று உலோகம் தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது பழைய வழக்கம், இன்றும் பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதிலுள்ள கொழுப்பமிலம் மெதுவாகக் களிம்பை அரிக்கும், எண்ணெய் துளைகளில் தங்கிவிடும், அப்புறம் அசிட்டோன் போட்டு எடுக்க வேண்டும், அதற்குள் காசு கருத்துவிடும்.

உ காசில் மினுங்குவது உண்மையான வெள்ளிப் பூச்சு. மிக மெல்லியது. அதை மட்டும் துலக்கியால்கூடத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் ஊறி மண் தானாக இளகும்வரை காத்திருந்து, நனைந்த பல்குத்தி முனையால் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

அரசன், பின்பக்கக் காட்சி, அக்கசாலை எழுத்து மூன்றும் படிக்க வந்துவிட்டால் அந்தக் காசில் வேலை முடிந்தது. அதற்குமேல் மூலையில் ஒட்டியிருக்கும் மண் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாம்பட்டறை (பதில்)

விட்டம், எடை இரண்டையும் கொடுத்துக் கேட்டது நல்லது. 4ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை எடை குறைந்துகொண்டே வந்தவை. அதனால் எந்த ஆண்டுக் காசு என்பதில் பாதியைத் தராசே சொல்லிவிடும்.

அ: "குளோரியா எக்ஸர்கிட்டஸ்", அதாவது படையின் பெருமை. இரண்டு கொடிக்கம்பம் என்றால் 330 முதல் 335 வரை, எடையும் அதற்குச் சரியாக இருக்கிறது. 335க்குப் பிறகு அதே காட்சியில் கம்பம் ஒன்றாகி, காசு 15 மி.மீ., ஒன்றரை கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். "கான்ஸ்டன்டி"க்கு அடுத்த எழுத்துதான் கேள்வி. என் வந்தால் கான்ஸ்டன்டைனஸ், வி வந்தால் கான்ஸ்டன்டியஸ். லத்தீனில் யு எழுத்தையும் வி போலவே வெட்டுவார்கள். கான்ஸ்டன்டைனஸ் என்று வந்தாலும் அப்பாவா மகனா என்று பார்க்க வேண்டும். பெயருக்குப் பின் "எம் ஏ எக்ஸ் ஏ வி ஜி" இருந்தால் அப்பா, பேரரசர் முதலாம் கான்ஸ்டன்டைன். "ஐ வி என் என் ஓ பி சி" இருந்தால் மகன், இளையவர் இரண்டாம் கான்ஸ்டன்டைன். எழுத்து போயிருந்தாலும் தலையைப் பாருங்கள்: அப்பாவுக்கு மணி பதித்த தலைப்பட்டை, மகன்களுக்கு லாரல் இலைமாலை.

அடியெழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. "எஸ் எம் என்" என்றால் நிக்கோமீடியா. "எஸ் எம் ஏ என்" என்றால் அந்தியோக்கியா. ஏ எழுத்தைக் குறுக்குக்கோடு இல்லாமல் கவிழ்த்த வி போல வெட்டுவது வழக்கம். தேய்ந்த காசில் அது எம் எழுத்தின் கடைசிக் காலோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குப் படாது. எம்முக்கும் என்னுக்கும் நடுவில் இடைவெளி அகலமாக இருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச்சை மேசை மட்டத்தில் படுக்கவைத்துக் காசைச் சுழற்றினால் போதும். கடைசியில் தேய்ந்திருப்பது பட்டறை எண், அதாவது அக்கசாலைக்குள் எந்தப் பட்டறையில் அடித்தது என்ற குறி. கிழக்கு அக்கசாலைகளில் அது கிரேக்க எழுத்தில் வரும்: ஆல்ஃபா 1, பீட்டா 2, காமா 3 என்று. எஸ் போல ஒன்று வந்தால் கிழக்கில் அது 6. மேற்கில் அதே எஸ் செகுண்டா, அதாவது 2.

ஆ: இங்கே இரண்டு திருத்தம். முன்பக்கத்தில் இருப்பது கான்ஸ்டன்டைன் முகமில்லை, நகரத்தின் உருவம். சுற்றி "கான்ஸ்டான்டிநோபோலிஸ்" என்று இருக்கும். 330 மே 11 அன்று புதுத் தலைநகரம் திறந்ததையொட்டி வந்த வகை. இதற்கு இணையாக "உர்ப்ஸ் ரோமா" என்ற பெயரில் ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் காசும் வந்தது. உங்கள் 28இல் ஒன்றிரண்டு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அக்கசாலை கான்ஸ்டான்டிநோபிளும் இல்லை. தெற்கு பிரான்சின் ஆர்ல். அந்த ஊருக்கு அப்போது கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். அதனால் குறி "சி ஓ என் எஸ் டி". உண்மையான கான்ஸ்டான்டிநோபிள் காசில் "சி ஓ என் எஸ்" நான்கெழுத்தோடு நின்று, பட்டறை எழுத்து கடைசியில் வரும். ஆர்லில் பட்டறை எழுத்து முதலில். உங்கள் காசில் முன்னால் நிற்கும் பி, பிரிமா, முதல் பட்டறை. விற்பனைப் பட்டியல்களில் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான்.

இ: "ஃபெல் டெம்ப் ரெபராஷியோ", நற்காலம் மீண்டது. எழுத்து உடைந்திருந்தாலும் எடையை வைத்தே முடிவு சொல்லலாம். 348இல் தொடங்கியபோது இந்தக் குதிரைவீரன் காசு 22, 23 மி.மீ., நாலு கிராமுக்கு மேல். 17 மி.மீ., 2.5 கிராமுக்கு இறங்கியது 350களின் நடுவில். "கான்ஸ்டன்" என்று தொடங்கும் இன்னொரு பேரரசர் கான்ஸ்டன்ஸ் 350இலேயே கொல்லப்பட்டுவிட்டார், ஆகவே இந்த அளவில் அவர் பெயர் வர வழியில்லை. தலைப்பட்டை தெரிந்தால் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ். தலையில் எதுவும் இல்லாமல் வெறும் முடி என்றால் சீசர், அதாவது இளவரசர். அதிலும் கவனம் தேவை: கான்ஸ்டன்டியஸ் காலஸ் என்ற சீசரின் காசிலும் கான்ஸ்டன்டியஸ் என்றுதான் இருக்கும். வெறுந்தலையும் அந்தப் பெயரும் சேர்ந்தால் காலஸ், 351 முதல் 354க்குள்.

உ: "சோலி இன்விக்டோ கோமிட்டி", தோல்வியறியாத சூரியன், பேரரசரின் துணைவன். 310க்கும் 318க்கும் இடையில் ஏராளமாக வந்தது. கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்படும் 312க்குப் பிறகும் சூரியன் காசில் நின்றான் என்பதால் எனக்கு இந்த வகைமேல் தனிப் பிரியம். பூச்சு மிஞ்சியிருந்தால் தொகுதியிலேயே நல்ல காசு இதுதான்.

ஈ: நவீனப் போலி இல்லை என்றே நினைக்கிறேன். 350களில் சில்லறைத் தட்டுப்பாடு வந்த மேற்கு மாகாணங்களில் உள்ளூரிலேயே அடித்த பாவனைக்காசுகள், அதாவது அசலைப் பார்த்து அந்தக் காலத்திலேயே செய்த நகல்கள், இப்படித்தான் இருக்கும். போலியென்று சந்தேகித்தால் விளிம்பைப் பாருங்கள்: வார்ப்பென்றால் சுற்றிலும் ஒட்டுக்கோடு அல்லது அரம் தேய்த்த தடம் இருக்கும், பரப்பில் காற்றுக்குமிழிக் குழிகள் வட்டவட்டமாக இருக்கும், எழுத்துகளின் ஓரம் சோப்பு போல மழுங்கியிருக்கும். அச்சடித்த காசில் உலோகம் வெளியே வழிந்து ஓடிய கோடுகளும், அடி தாங்காமல் விளிம்பில் விட்ட வெடிப்பும் காணப்படும்.

அட்டவணை எண் வேண்டுமென்றால் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஓ.சி.ஆர்.இ. தரவுத்தளம் இலவசம். அரசன், அக்கசாலை, பின்பக்க வாசகம் மூன்றையும் கொடுத்துத் தேடலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோமக் காசுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் புதையல்களில் அதிகம் கிடைத்தவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி தினாரிகள், உங்களுடையவற்றுக்கு 300 வருடம் முந்தியவை. வித்தியாசம் கண்ணில் பதியும்.

ஈரமானி (பதில்)

ஊ காசுக்கு வந்திருப்பது வெண்கல நோய். தொற்றுநோய் போலப் பரவும் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. ஆனால் அந்தப் பொடியில் குளோரைடு இருப்பதால் மற்ற காசுகளின் மேல் படவிடக் கூடாது.

உள்ளே நடப்பது இது: மண்ணிலிருந்த குளோரைடு செம்போடு சேர்ந்து களிம்புக்கு அடியில் குப்ரஸ் குளோரைடாகத் தங்கியிருக்கிறது. அதற்கு ஈரமும் காற்றும் கிடைத்தால் வெளிர்பச்சைப் பொடியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். சுழற்சி நிற்காது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இது உறங்கும். சென்னையில் வருடம் முழுக்க அதற்கு வெகுமேலேதான் இருக்கிறது. குளிர்நாட்டில் பல வருடம் அமைதியாக இருந்த காசு இங்கே வந்த ஒரு மழைக்காலத்தில் பொடி கக்குவது இதனால்தான்.

பச்சையாக இருப்பதெல்லாம் நோய் இல்லை. கெட்டியாக, ஊசிக்கு அசையாமல் இருந்தால் அது நல்ல மாலகைட். சந்தேகமான காசுக்கு ஒரு சோதனை: மூடியுள்ள ஜாடியில் நனைந்த பஞ்சு வைத்து, காசு அதைத் தொடாதபடி கவிழ்த்த சின்ன மூடியின்மேல் வைத்து இரண்டு நாள் விடுங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி முளைத்தால் நோய் உறுதி.

வைத்தியம்: லென்ஸ் வழியே பார்த்து ஊசியால் பொடியைக் குழியின் அடிவரை தோண்டி எடுங்கள். இதை அரைகுறையாகச் செய்தால் பின்னால் செய்வதெல்லாம் வீண். பிறகு சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசல் 5 சதவீதம். அதில் காசை மூழ்கவைத்து வாரம் ஒருமுறை புதுக் கரைசல், குறைந்தது நான்கு வாரம். பழைய கரைசலில் குளோரைடு இருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சத்தை எடுத்து நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு நுரை அடங்கியதும் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். பால் போலக் கலங்கினால் குளோரைடு இன்னும் வருகிறது. அமிலம் விடாமல் சில்வர் நைட்ரேட் விட்டால் கார்பனேட்டே கலங்கிக் காட்டி ஏமாற்றும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். முடிந்தபின் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு வாரம்.

இந்தக் கரைசலுக்கு ஒரு குறை உண்டு. நீண்ட நாள் வைத்தால் களிம்பின் நிறத்தை நீலப்பச்சையாக மாற்றும். அதனால் நோயில்லாத காசை முன்னெச்சரிக்கை என்று சொல்லி இதில் போட வேண்டாம்.

காய வைப்பது: சுத்த அசிட்டோனில் ஒருமுறை முக்கி எடுத்து, அது முழுக்க ஆவியான பிறகு மட்டும் 100 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம். அசிட்டோன் ஈரத்தோடு ஓவனுக்குள் வைத்தால் தீப்பிடிக்கும். சூடு ஆறியதும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாக. மெழுகு நோயைத் தடுக்காது, ஈர ஆவி அதையும் தாண்டும். அது கைவியர்வைக்கு ஒரு திரை, அவ்வளவுதான்.

பாதுகாப்பதும் இங்கே முக்கால்வாசி வேலை. கிளிப் மூடி போட்ட காற்றுப் புகாத சமையலறை டப்பா, ஒரு லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும். நிறம் மாறியதும் 110, 120 டிகிரியில் மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். மெத்தென்ற பி.வி.சி. உறைகளில் காசு போடாதீர்கள். நாளடைவில் பிசுபிசுவென்று பச்சைச் சளி போல வரும். மைலார் உறை அல்லது அமிலமற்ற காகித உறை நல்லது.

கந்தரோடையான் (பதில்)

ஈ காசைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும். எங்கட பக்கம், இலங்கையில், 4ஆம் 5ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் பெருந்தொகையாக எடுபட்டிருக்கு. சிகிரியா, மாத்தறைப் பக்கம் நயிமன, இப்படிப் பல இடம். அவற்றோடு இங்கேயே அடித்த பாவனைக்காசுகளும் வந்திருக்கு: ஒரு கிராம் சுமார், எழுத்துக்குப் பதில் கோடு, உருவம் குச்சிக்குச்சியாக. தமிழ்நாட்டில் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் ரோமச் செப்புக்காசு கிடைத்திருக்கு.

இதை வைத்து, தேய்ந்து கிறுக்கலாக இருக்கிற எந்தக் காசுக்கும் "இந்தோ-ரோமன்" என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை சொல்லுகினம். கிடைத்த இடம் எழுத்தில் இல்லாமல் அந்தப் பெயரை நம்பவேண்டாம். உங்கட தொகுதி பால்கன் என்றால் ஈ காசும் ஐரோப்பியப் பாவனைக்காசாகத்தான் இருக்கவேணும். குதிரைவீரன் காட்சியும் அதற்குத்தான் பொருந்துது.

அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கோ. சுத்தம் செய்யாத தொகுதிகளில் பெரும்பகுதி எந்தக் குழியில் எடுத்தது என்று பதியப்படாமல் வருகிறவை. ஒரு காசு எந்த வீட்டின் எந்தத் தரையில் கிடந்தது என்ற செய்தி போனால் திரும்பிக் கிடைக்காது. அடுத்தமுறை வாங்கேக்கை ஏற்றுமதி அனுமதி, பழைய சேகரிப்பாளர் விவரம் இரண்டையும் கேட்டு வாங்குங்கோ, கொஞ்சம் விலை கூடினாலும். இந்தியாவில் மண்ணுக்குள் இருந்து எடுத்ததென்றால் கதை வேறை: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு அறிவிக்கவேணும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏலாது. வெளிநாட்டு நண்பரோடு மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கோ.

பொடிக்காசு

எல்லோருக்கும் மிக்க நன்றி. அ காசைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தேன். எம்முக்கும் என்னுக்கும் நடுவில் கவிழ்த்த வி இருக்கிறது, அடுத்தது காமா போலத் தெரிகிறது. முன்பக்கம் "டி"க்குப் பின் என். தலையில் இலைமாலை.

ஈரமானி அண்ணா, செஸ்க்விகார்பனேட் கடையில் கிடைக்கவில்லை. சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் கலந்தால் போதும் என்கிறார்களே, எவ்வளவு?

மூன்றாம்பட்டறை

அப்படியானால் இரண்டாம் கான்ஸ்டன்டைன் சீசராக இருந்தபோது, அந்தியோக்கியா, மூன்றாம் பட்டறை, 330 முதல் 335. உறையில் எடையோடு எழுதிவையுங்கள்.

ஈரமானி

ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு நீர் நீக்கிய சலவை சோடா 24 கிராம், ஆப்ப சோடா 19 கிராம். சலவை சோடா கண்ணாடிக்கல் போலப் படிகமாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அப்போது 63 கிராம். மளிகைக்கடைச் சலவை சோடாவில் உப்பு கலந்திருக்கலாம், நாம் விரட்டுவதே உப்பில் உள்ள குளோரைடைத்தான். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு, மாற்றி எடுத்துவிடாதீர்கள். இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்து, முழுக்க ஆறிய பிறகு காசைப் போடுங்கள். ஒரே காசு என்பதால் 100 மி.லி. போதும். ஜாடிமேல் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.